வலிமையுள்ள காவலும் வாளாவிருக்கும்

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.

அன்புள்ள தம்பிக்கு,

வெற்றிலை போட்டு வாய்ப்புற்றுக் கண்ட அயலவருக்கு இப்பொழுது கழுத்திலும் கட்டி தோன்றியதை எழுதிய நீர், நிர்ப்பீடன சக்தி க்ஷீணித்ததால்தானே பரவியது, கஷாயத்தால் அதைக் கூட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறீர். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை இப்படிக் கேட்கலாமா? சிறுநீரகம் மாற்றி, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து உண்போருக்குச் சில புற்றுக்கள் அதிகம் என்பது மெய்யே. ஆயினும் கழுத்தின் நிணநீர்க்கணுக்கள் வெண்குருதிக்கலங்கள் திரண்டு நிற்கும் இடங்களன்றோ? அங்கேயே குடியேறத் துணிந்த நோய் பலவீனத்தை மட்டும் நம்பி வந்ததாகுமா?

என்னை ஆண்டுக்கணக்காக ஆட்கொண்ட விந்தை இது: புற்றுக்கலத்தை இனங்கண்ட 'ரி' கலம் என்னும் வெண்குருதிக்கலம் இன்டர்பெரோன் காமா என்னும் புரதத்தைச் சொரிகிறது, அதனை உணர்ந்த புற்றுக்கலமோ தன் மேற்பரப்பில் பி.டி.எல்.-1 என்னும் புரதத்தை மிகுவிக்கிறது. அது 'ரி' கலத்திலுள்ள பி.டி.-1 வாங்கியைப் பற்றியதும், கொல்ல வந்த கலம் அடங்கி, நாளடைவில் சோர்ந்தே போகிறது. தாக்குதலே தன்னைத் தடுக்கும் சாதனத்தை வருவித்துவிடுகிறது! இதற்காக பி.டி.-1 ஐ நிந்திக்காதீர். 1992 இல் அதனைக் கண்டறிந்த ஜப்பானியர் தசுக்கு ஹொஞ்சோவின் குழுவினர், அது இல்லாத எலிகளில் நிர்ப்பீடனம் சொந்த உடலையே தாக்கியதைப் பின்னர் கண்டனர். உடல் தன்னைக் காக்க வைத்த கடிவாளத்தையே புற்று அபகரிக்கிறது.

கட்டியினுள்ளே வேறொரு கொடுமையும் உண்டு. நமது ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது பறங்கியர் குடிநீர் முட்டுப்பட்டுப் பணிந்த வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே நினைவு வரும்: புற்றுக்கலங்கள் குளுக்கோசைப் பெருமளவில் விழுங்கி இலற்றிக்கமிலத்தை வெளிவிடுவதால், உள்ளே நுழைந்த 'ரி' கலம் ஆகாரமின்றித் தவிக்கிறது. இதற்குக் கஷாயம் என்ன செய்யும்?

பி.டி.-1 ஐ மறிக்கும் பிறபொருளெதிரிகள் இன்று மருந்தாகியுள்ளன. நிர்ப்பீடனக் கடிவாளத்தைத் தளர்த்திப் புற்றை எதிர்க்கும் இத்துறைக்காக ஹொஞ்சோவும் ஜேம்ஸ் அலிசனும் 2018 இல் நோபல் பரிசு பெற்றனர். எனினும் பலருக்கு அவை பலிப்பதில்லை. கடிவாளம் தளர்வதால் குடலும் தைரொயிட்டும் தாக்குண்பதும் உண்டு. அயலவரைத் தாமதியாமல் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும். வெற்றிலையோடு போடும் புகையிலையை மட்டும் விட்டாற் போதுமென்று அவர் சாதித்தால், பாக்கும் புற்றுண்டாக்கும் என்று தயங்காமற் சொல்லும்.

இனி உமக்கொரு வேலை. சில புற்றுக்கலங்கள் 'ரி' கலத்துக்கு அடையாளங்காட்டும் மூலக்கூறுகளையே களைந்துவிடுகின்றன. அவ்வடையாளம் இல்லாத கலத்தைக் கொல்லவே இயற்கைக் கொல்லிக் கலங்கள் திரிகின்றன. அவற்றிடமிருந்து புற்று எவ்வாறு தப்புகிறது? கஷாயத்தைக் கலவாமல் விடை எழுதி அனுப்பும்.

இங்ஙனம்,
உமது ஆசிரியர்