முன்பாரம், பின்பாரம்: லோடர் பழகும் தம்பிக்கு

மாட்டுவண்டி ஓட்டிய காலத்தில், பாரம் ஏற்றி முடித்ததும் எங்கள் அப்பா உடனே மாட்டைப் பூட்டிவிட மாட்டார். நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கை ரொம்பக் கனத்தால் முன்பாரம். மாட்டின் கழுத்து அழுந்திப் புண்ணாகும். தடி தானாக மேலே எழும்பினால் பின்பாரம். மேடு ஏறும்போது வண்டி பின்னால் சாய்ந்து மாட்டின் தொண்டைக்கயிறு இறுகும். இரண்டு மூட்டையை முன்னே பின்னே நகர்த்தி, தடி கையில் அளவாக நிற்கும்வரை விடமாட்டார்.

அந்த வண்டி போய்விட்டது. 35, 40 எச்.பி. டிராக்டரின் முன்னால் லோடர் மாட்டி எரு அள்ளுகிறோம், கிராவல் அள்ளுகிறோம், தோப்பில் விழுந்த தென்னையைத் தூக்குகிறோம். என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள், தம்பி. ஜேசிபி அள்ளுவதற்கென்றே செய்த வண்டி. டிராக்டர் இழுப்பதற்குச் செய்த வண்டி. அதன் பெரிய சக்கரம், பிரேக், பாதிக்கு மேற்பட்ட கனம் எல்லாம் பின்னால் இருக்கின்றன. நாமோ பாரத்தை முன்னால் தொங்கவிடுகிறோம். இந்த வேலையில் வரும் ஆபத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

1. எடை தெரியாமல் தூக்காதே

பக்கெட் நிறைந்தது கண்ணுக்குத் தெரியும், எடை தெரியாது. அதனால் கன அடிக் கணக்கை மனப்பாடம் செய்துகொள். ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ. காய்ந்த மணல் சுமார் 45 கிலோ. நனைந்த மணல் 55 கிலோவைத் தொடும். கருங்கல் 75 கிலோ. 10 கன அடி பக்கெட்டில் காய்ந்த மணல் 450 கிலோ என்றால், மழை பெய்த மறுநாள் அதே குவியலில் அதே பக்கெட் 550 கிலோ. நேற்றுத் தூக்கியதுதானே என்று நினைத்தால் அங்கே ஏமாந்துபோவாய். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டடி உள்ள ஒரு கருங்கல் பார்வைக்குச் சின்னதுதான். அது 600 கிலோ.

லோடரோடு கொடுக்கும் புத்தகத்தில் தூக்குதிறன் போட்டிருப்பார்கள். அதைப் பெரும்பாலும் பக்கெட்டைப் பூட்டும் ஆணியில் வைத்துத்தான் அளக்கிறார்கள். பாரமோ அந்த ஆணிக்கும் முன்னால், பக்கெட்டுக்குள் கிடக்கிறது. பக்கெட்டின் சொந்த எடையும் அந்தக் கணக்கில் கழியும். லோடர் கை மேலே போகப் போகத் தூக்குதிறன் குறையும். தரையில் அசைந்த பாரமெல்லாம் உச்சிக்குப் போகும் என்று நம்பாதே.

2. பின்னால் எடை மாட்டாமல் முன்னால் தூக்காதே

சின்னக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 1.9 மீட்டர். பக்கெட்டில் 500 கிலோ. அது முன் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் முன்னால் நிற்கிறது. ஏற்றத்தின் துலாவுக்கு நடுக்கால் எப்படியோ, அப்படித்தான் இங்கே முன் ஆக்சில். 500-ஐ 1.5-ஆல் பெருக்கி 1.9-ஆல் வகுத்தால் 395 வரும். அத்தனை கிலோவும் பின் சக்கரத்திலிருந்து கழன்றுபோகிறது. முன் ஆக்சில் தாங்குவது 500 அல்ல, 895 கிலோ. முன்பக்க பேரிங்கும் டயரும் அடிக்கடி போவதன் காரணம் இதுதான்.

இப்போது பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 400 கிலோ எடையை மாட்டு. பின் சக்கரத்தில் 610 கிலோ கூடும். முன் ஆக்சிலில் 210 கிலோ குறையும். மூன்று புள்ளி இணைப்பில் கான்கிரீட் போட்ட இரும்புப் பெட்டியைத் தொங்கவிடுவதன் பலன் அது. பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் அடைப்பதும், சக்கரத்தில் வார்ப்பிரும்பு வெயிட் போடுவதும் நல்லதுதான். ஆனால் அவை முன் ஆக்சிலின் சுமையைக் குறைக்காது. பெட்டி இல்லாத அன்று ரோட்டவேட்டரைப் பூட்டி, தரையை ஒட்டித் தூக்கிவைத்துக்கொள்; பிடிஓ நின்றிருக்கட்டும். உழவுக்காக மூக்கில் மாட்டிய வெயிட்டுகளைக் கழற்றிவிடு. லோடர் வேலையில் அவை எதிரி.

3. பிரேக் எங்கே இருக்கிறது என்பதை மறக்காதே

இரு சக்கர இழுவை டிராக்டரில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் தரையைப் பிடிக்காவிட்டால் பிரேக்கும் இல்லை.

இதை நான் வாய்க்கால் கரையில் கற்றேன். ஈரக் கிராவல், பக்கெட் நிறைய. பின்னால் எடை மாட்ட அன்று சோம்பல். கரையிலிருந்து இறங்கும் சரிவில் பிரேக்கை முழுக்க மிதித்தேன். பின் சக்கரம் இரண்டும் சுற்றாமல் நின்றுவிட்டன. வண்டி மட்டும் நிற்கவில்லை. கல் மேல் ரப்பர் உராயும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கீழே எரு அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். லீவரைத் தள்ளிப் பக்கெட்டைத் தரையில் ஊன்றினேன். எட்டடி இழுத்துக்கொண்டு போய் நின்றது. அன்றிலிருந்து எடைப்பெட்டி இல்லாமல் நான் லோடரைத் தொட்டதில்லை.

ஆக, பின்பக்கம் லேசாகிறது, வண்டி சாய்கிறது என்று தோன்றிய அந்த நொடியே பக்கெட்டைத் தரைக்கு இறக்கு. கை தானாக அதைச் செய்யும்வரை காலி பக்கெட்டில் பழகு. இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்டியே வை. ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் வண்டி ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியானால் லோடர் வேலைக்கு, அதிலும் சரிவில், முன் இழுவையைப் போட்டுக்கொள்.

4. பாரத்தை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோ

முன் ஆக்சில் நடுவில் ஓர் ஆணியில் ஆடும்படி தொங்குகிறது. ஆகவே பக்கவாட்டில் வண்டியைத் தாங்குவது நான்கு கால் அல்ல, மூன்று: இரண்டு பின் சக்கரம், முன்னால் அந்த ஆணி. முக்காலியின் குறுகிய முனை முன்னால் இருக்கிறது. பாரம் முன்னால் ஏற ஏற, கனம் அந்த முனையை நோக்கிப் போகும். பக்கத்தில் சாயாமல் காக்கும் அகலம் குறையும்.

பின் சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் என்று வை. ஒரு சக்கரம் 10 செ.மீ. பள்ளத்தில் இறங்குகிறது. 30 செ.மீ. உயரத்தில் இருக்கும் பாரம் பக்கத்தில் 2 செ.மீ. நகரும், உனக்குத் தெரியக்கூடத் தெரியாது. 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 21 செ.மீ. நகரும். எலிவளை ஒன்று போதும். தரையிலிருந்து ஓரடி, அதற்கு மேல் வேண்டாம். முன்னால் வழி தெரியவில்லை என்றால் பாரத்தைத் தூக்கிப் பார்க்காதே. நிறுத்தி இறங்கிப் பார்.

5. திருப்பத்தில் அவசரம் வேண்டாம்

வேகம் இரண்டு மடங்கானால் வெளிப்பக்கம் தள்ளும் விசை நான்கு மடங்கு. பாரத்தோடு ஆள் நடக்கும் வேகம் போதும். இறக்கும்போதும் அதே நிதானம்: வேகமாக இறங்கும் பாரத்தைப் பாதியில் வெடுக்கென்று நிறுத்தினால் அந்த உதறலில் பின் சக்கரம் எழும்பிவிடும்.

6. சரிவில் பாரம் மேட்டுப்பக்கம் இருக்கட்டும்

பக்கெட் நிறைந்திருந்தால் மேட்டில் முன்னோக்கி ஏறு, பின்னோக்கி இறங்கு. இறங்கும் முன்பே சின்ன கியரைப் போட்டுக்கொள். நடுவழியில் கிளட்சை மிதித்து நியூட்ரல் போடாதே. சரிவுக்குக் குறுக்கே பாரத்தோடு போகாதே, அங்கே திருப்பாதே. வரப்பு ஓரம், கிணற்று மேடு, புதிதாகக் கொட்டிய மண் இவற்றை நம்பாதே. உள்ளே பொந்து இருக்கும்.

7. குவியலை முட்டாதே, நுழை

பக்கெட்டின் உதட்டைத் தரைக்கு மட்டமாக வை. சின்ன கியரில் நேராக நுழை. நிறைய ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் மடக்கு. வேகமாக வந்து மோதினால் அந்த அடி முழுவதும் லோடர் சட்டத்துக்கும் அது மாட்டிய டிராக்டரின் உடம்புக்கும் போகும். பக்கெட்டின் ஒரு மூலையை மட்டும் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பாதே. லோடர் கை முறுக்கிக்கொண்டால் பிறகு நேராகாது.

8. உயரத் தூக்குவது டிரெய்லர் பக்கத்தில் மட்டும்

டிரெய்லர் அருகே, சமதரையில், நேராக நின்றபின் தூக்கு. மெதுவாகக் கொட்டு. கொட்டியபின் நேராகப் பின்வாங்கி, பக்கெட்டை இறக்கிவிட்டுத் திருப்பு. தூக்கிய கையோடு திருப்பிப் போவதைப் பலரும் செய்கிறார்கள், நீ செய்யாதே.

தூக்கும் முன் மேலே பார். தோப்பு வழியாகப் போகும் மின்கம்பி வெயிலில் தொய்ந்து இறங்கியிருக்கும். கம்பியில் பக்கெட் பட்டுவிட்டால் இருக்கையை விட்டு இறங்காதே, யாரையும் கிட்டே வரவிடாதே. மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தும்வரை அங்கேயே இரு. வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துத் தூரக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் நகர்ந்து போ.

9. உருளும் சரக்கு உன் மேல் வரும்

இதை நன்றாக விளங்கிக்கொள். கை மேலே எழ எழ, பக்கெட் தானாகப் பின்னோக்கிச் சாயும். தானே மட்டம் காக்கும் அமைப்பு இல்லாத லோடரில் அதை நீதான் லீவரால் முன்னோக்கித் திருத்திக்கொண்டே போக வேண்டும். மறந்தால் தென்னந்துண்டோ உருண்டைக் கல்லோ பக்கெட்டின் முதுகைத் தாண்டி, லோடர் கை வழியாக உருண்டு உன் மடிக்கு வரும். துண்டைச் சங்கிலியால் கட்டித் தூக்கு. சங்கிலியை பக்கெட் பல்லில் மாட்டாதே. அதற்கென்று பற்றவைத்த கொக்கி வேண்டும். தொங்கும் துண்டு ஊசலாடும். ஓரடிக்கு மேல் தூக்காமல் ஊர்ந்து போ.

வேரோடு பிடுங்க, இழுக்க என்றால் லோடரை விட்டுவிட்டுப் பின்னால் டிராபாரில் கட்டு. அதற்கு மேலே, ஆக்சிலிலோ டாப் லிங்க்கிலோ கட்டினால் வண்டி முன்பக்கம் எழும்பிப் பின்னோக்கிக் கவிழும். நீ கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் அது முடிந்துவிடும்.

10. பக்கெட் ஆள் ஏறும் இடமல்ல, நிழலும் அல்ல

மாங்காய் பறிக்க, மட்டை வெட்ட, திருவிழாவுக்கு சீரியல் பல்ப் கட்ட என்று பக்கெட்டில் ஆளை ஏற்றச் சொல்வார்கள். பெரியவர்களே சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லப் பழகு. ஒரு ஹோஸ் வெடித்தால் பக்கெட் கல்லைப்போல விழும். அதே காரணத்தால் தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே நீயும் போகாதே, யாரையும் விடாதே. வேலை நின்றதும் பக்கெட்டைத் தரையில் வை, என்ஜினை நிறுத்து, லீவரை இரண்டு பக்கமும் அசைத்து உள்ளழுத்தத்தைப் போக்கு, ஹேண்ட் பிரேக் போடு, சாவியை எடு. டீ குடிக்கப் போகும் ஐந்து நிமிடத்துக்கும் இதே முறைதான். பிள்ளைகள் விளையாடும் ஊரில் வேலை செய்கிறோம்.

11. எண்ணெய்க் கசிவைக் கையால் தேடாதே

ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம் 150 பாருக்கு மேல் போகும். கார் டயரில் இருப்பதைப்போல எழுபது மடங்கு. ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவு எங்கே என்று ஓர் அட்டையை நீட்டிப் பார். தோலில் பட்டுவிட்டால், வெளியே எறும்பு கடித்த அளவு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அப்படியே விட்டுவிடாதே. அந்த மணி நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்குப் போய், உள்ளே ஹைட்ராலிக் எண்ணெய் போயிருக்கிறது என்று வாயால் சொல். தாமதித்தால் விரல் போகும், சில சமயம் கையே போகும்.

12. ரோல் பாரும் பெல்ட்டும் சேர்ந்தவை

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவனுக்கு இடம் விட்டு நிற்கும் இரும்பு வளைவுதான் ரோல் பார். ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். அதன்பின் அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் மிக அரிதானார்கள். ரோல் பார் இருந்தால் பெல்ட்டைப் போடு; போடாவிட்டால் அந்த வளைவே உன்னை நசுக்கும். தென்னை மட்டை இடிக்கிறது என்று மடக்கி வைத்திருந்தால், தோப்பை விட்டு வந்ததும் நிமிர்த்து. ரோல் பாரே இல்லாத வண்டியில் பெல்ட் கட்டிக்கொள்ளாதே. அந்த வண்டியில் லோடர் வேலையே வேண்டாம் என்பேன்.

13. ஒவ்வொரு முறையும் நுகத்தடியைத் தூக்கிப் பார்

பாரத்தைத் தரையிலிருந்து நான்கு விரல் தூக்கி நிறுத்து. இருக்கையிலிருந்து திரும்பிப் பின் டயரின் அடிவயிற்றைப் பார். கனம் இருக்கிற டயர் தரையை ஒட்டி இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு வற்றி டயர் நெட்டாக நின்றால் கனம் பின்னாலிருந்து போய்விட்டது என்று பொருள். பாரத்தை இறக்கு, பாதியைக் கொட்டிவிட்டு இரண்டு நடையாகக் கொண்டுபோ. இதற்கு ஐந்து நொடி ஆகாது. காட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும், அந்தி சாய்ந்துவிட்டாலும், அதுவே கடைசி நடையாக இருந்தாலும் பார்.

எங்கள் அப்பா ஒரு நாளும் நுகத்தடியைத் தூக்கிப் பார்க்காமல் மாட்டைப் பூட்டியதில்லை. வாயில்லாத ஜீவன் சொல்லாது, நாம்தான் பார்க்கவேண்டும் என்பார். டிராக்டருக்கும் வாயில்லை, தம்பி. திரும்பிப் பார்.