உமி மேல் பழி வேண்டாம்

கொட்டகையில் இருபது நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். தரையில் நெல் உமி பரப்பியிருக்கிறேன். மழை பிடித்ததும் நெடி தாங்கவில்லை. உமியை அள்ளிவிட்டுத் தேங்காய் நார்க்கழிவு போடலாமா?
– வாசகி, மணப்பாறை

உமியை அள்ளாதீர்கள் அம்மா, நெடிக்குக் காரணம் ஈரம். எச்சத்தோடு தண்ணீர் சேர்ந்தால்தான் அம்மோனியா கிளம்பும். முதலில் தண்ணீர்க் குவளையைப் பாருங்கள். பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் கூளம் கட்டிதட்டிக் கிடக்கும். கட்டிகளை மட்டும் எடுத்து வெளியே போட்டுவிட்டு, குவளையைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் படுதா போதும். மற்ற பக்கங்களில் காற்று ஓட வேண்டும்.

மிச்சக் கூளத்தின் மேல் காய்ந்த உமியோடு கடலைத்தோலைக் கலந்து, ஆறு அங்குல ஆழம் வரும்வரை போடுங்கள். பூஞ்சணம் பிடித்த கடலைத்தோல் மட்டும் கூடவே கூடாது. கோழியின் நுரையீரலைக் கெடுத்துவிடும். வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம்.

நார்க்கழிவு நல்ல பொருள்தான். ஆனால் குடித்த நீரை லேசில் விடாது. அதைக் கோடையில் போட்டுக்கொள்ளலாம். அள்ளும் பழைய கூளத்தை மட்கவைத்த பிறகே வயலுக்குக் கொண்டுபோங்கள்.