கிழங்கின் உருவும் கமராவின் கணக்கும்

ஹட்டன், நுவரெலியா மலைச்சாரல்களில் தேயிலையோடு கரட், பீற்றூட், முள்ளங்கி, உருளைக்கிழங்கு ஆகியனவும் நம் மக்களின் உழைப்பால் விளைகின்றன. இவற்றின் விலை நிறையால் மட்டுமன்றி, உருவாலும் பருமனாலும் அமைகின்றது. அவ்வுருவை அளப்பது பெரும்பாலும் கொள்வோரின் கண்ணே. கண்ணுக்குப் பதிலாகக் கமராவைக் கொண்டு அளக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சல்லடையால் வகைபிரித்தலை நம்மவர் அறிவர். உருளைக்கிழங்கையும் சதுரக்கண் சல்லடையால் பிரிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆயின், சல்லடை நீளத்தை அறியாது. அகலமும் தடிப்பும் ஒத்த இரு கிழங்குகளுள் ஒன்று 60 மி.மீ., மற்றது 90 மி.மீ. நீளமாயினும், இரண்டும் ஒரே கண்ணினூடாக விழும். பின்னதன் நிறையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

படமுறை எளியது. கறுப்புத் துணியின்மீது கிழங்கையும் அருகே ஓர் அடிமட்டத்தையும் வைத்து, நேர்மேலிருந்து படம்பிடித்தல் வேண்டும். கணினிக்குப் படம் என்பது நுண்புள்ளிகளின் தொகுதியே. ஒளிமிக்க புள்ளிகளைக் கிழங்கென்றும் இருண்டவற்றைத் துணியென்றும் அது பிரித்துக்கொள்கின்றது. அடிமட்டத்தின் 100 மி.மீ. நீளம் 500 புள்ளிகளாயின், 1 மி.மீ. 5 புள்ளிகளாகும். எனவே, 400 புள்ளி நீளமும் 300 புள்ளி அகலமும் உடைய கிழங்கு 80 மி.மீ. நீளமும் 60 மி.மீ. அகலமும் உடையது. அடிமட்டத்தைக் கிழங்கின் பாதி உயரத்திற்கு உயர்த்தி வைத்தல் நன்று. கமராவுக்கு அண்மையிலுள்ள பொருள் பெரிதாகத் தோன்றுமன்றோ?

படம் மறைப்பது தடிப்பினை. கிழங்கை நீள்கோள வடிவினதாகக் கொண்டால், நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றின் பெருக்கத்தை 0.524 ஆல் பெருக்கக் கனவளவு கிடைக்கும். மேற்கூறிய கிழங்கின் தடிப்பும் 60 மி.மீ. என ஊகித்தால் 151 கன ச.மீ. வரும். உண்மைத் தடிப்பு 50 மி.மீ. ஆயின் 126 கன ச.மீ. மட்டுமே. ஐந்திலொரு பங்கு மிகை! ஆதலின், கிழங்கைப் பக்கவாட்டில் திருப்பி இரண்டாம் படமும் எடுத்தல் வேண்டும். கிழங்கை நீரில் அமிழ்த்தி, வெளியேறும் நீரை அளந்து விடையைச் சரிபார்க்கலாம்.

வடிவமும் செய்தி கூறும். கிளைத்த கரட் நிலத்திலுள்ள கல்லையோ, மண்ணின் இறுக்கத்தையோ, வேரைத் தாக்கும் வட்டப்புழுவையோ சுட்டக்கூடும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர், கரட்டின் நீளம், அகலம், நுனியின் வடிவம் என்பவற்றைப் படங்களிலிருந்து கணினியால் அளந்து ஆராய்ந்துள்ளனர். நம் மலைநாட்டுப் பாடசாலைத் தோட்டங்களிலும் பாத்திதோறும் விளைந்த கிழங்குகளை இவ்வாறு அளந்து குறித்துவைத்தல் மாணவர்க்கு நல்லதொரு பயிற்சியாகும்.

கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் அக்குறை வீட்டின் அடுப்புவரை வரும் என்பதை மலையகம் நன்கறியும். லயத்தருகே சிறு நிலத்தில் கரட் பயிரிடுவோர்க்கும் நிலை இதுவே. இன்று கைத்தொலைபேசியிலேயே கமரா உண்டு. தம் விளைவைத் தாமே அளந்து, வகைபிரித்துச் சந்தைக்குக் கொண்டுசெல்வோர், கொள்வோரின் கண்மதிப்பை மட்டும் நம்பி நிற்க வேண்டுவதில்லை. கல்லூரியிற் கற்ற கணிதம் தோட்டத்து மக்களுக்குப் பயன்படும் வழிகளுள் இஃதொன்று என்பது எம் துணிபு.