கணக்குக் கேட்க வந்தவர்களுக்கு

எடின்பரோவில் ஸ்காட்லாந்தின் ஹோலிரூட் நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் உறுப்பினர்களின் ஆய்வு உதவியாளர்கள், சிலர் நிருபர்கள், சிலர் தொண்டு நிறுவனங்களுக்காகக் குழுக் கூட்டங்களைக் கவனிக்க வந்தவர்கள். அரசு எப்படிச் செலவழிக்கிறது, அந்தச் செலவால் மக்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதுதான் எல்லோருடைய வேலையும். இதே வேலையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தை சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எவ்வளவு போயிற்று என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அதைப் போகவிட்ட முடிவை யார், எப்போது, எதைத் தெரிந்துகொண்டு எடுத்தார் என்று கேளுங்கள்.

1. எவருக்கு என்ன பொறுப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே மேலவை கிடையாது. 129 உறுப்பினர்கள் கொண்ட ஒரே அவைதான். அதனால் மேலவை செய்யக்கூடிய மறுபரிசீலனை வேலையும் குழுக்களின் தலையில்தான் விழுகிறது. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் 1998-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தலைமைத் தணிக்கையாளரை நாடாளுமன்றம் முன்மொழிகிறது, முடியாட்சி நியமிக்கிறது. அதிகபட்சம் எட்டு ஆண்டு, மறுநியமனம் இல்லை. எனவே அவர் எந்த அமைச்சரின் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அவருக்காகத் தணிக்கை செய்யும் அமைப்பு ஆடிட் ஸ்காட்லாந்து. அவருடைய அறிக்கைகளை எடுத்து விசாரிப்பது பொதுத் தணிக்கைக் குழு. ஆளுங்கட்சியைச் சேராதவர் அதற்குத் தலைமை தாங்குவது வழக்கம். 32 உள்ளாட்சி மன்றங்களின் கணக்கு வேறு. அது கணக்கு ஆணையத்தின் பொறுப்பு. இந்த எல்லைகள் தெரியாமல், கொடுத்த பத்து நிமிடத்தையும் தவறான ஆளிடம் கேட்டே தீர்த்துவிட்ட உறுப்பினர்கள் உண்டு.

2. பட்ஜெட் எண் ஒன்றைப் பார்த்தால், அது எந்த மாதத்து எண் என்று கேளுங்கள்.

2025-26 பட்ஜெட் 6,300 கோடி பவுண்டுக்கு மேல். அதில் 2,100 கோடிக்கு மேல் சுகாதாரத்துக்கும் சமூகப் பராமரிப்புக்கும். ஆனால் பட்ஜெட் மசோதாவில் இருக்கும் எண் ஆண்டு முழுவதும் அப்படியே நிற்காது. இலையுதிர் காலத்தில் ஒரு திருத்தம், வசந்த காலத்தில் இன்னொரு திருத்தம் என்று வரும். சுகாதாரத் தலைப்பில் காட்டிய பணத்தின் ஒரு பகுதி, சமூகப் பராமரிப்புக்காக உள்ளாட்சிக்கு ஒவ்வோர் ஆண்டும் மாற்றப்படுகிறது. ஆகவே போன ஆண்டின் பழைய எண்ணை இந்த ஆண்டின் புதிய எண்ணோடு ஒப்பிட்டால் உயராதது உயர்ந்ததாகத் தெரியும். குறையாதது குறைந்ததாகத் தெரியும். அமைச்சர் ‘உயர்த்தியிருக்கிறோம்’ என்றால், எதிலிருந்து உயர்த்தினார்கள் என்று கேளுங்கள். எதிர்க்கட்சி ‘வெட்டிவிட்டார்கள்’ என்றாலும் அதே கேள்விதான்.

3. பட்ஜெட் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

பட்ஜெட் மசோதாவுக்குத் திருத்தம் கொண்டுவரும் உரிமை அரசுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு ஆதரிக்கலாம் அல்லது எதிர்க்கலாம் என்ற இரண்டே வழி. அந்த எதிர்ப்பும் சில சமயம் பலிக்கும். 2009 ஜனவரியில் வாக்கு 64-க்கு 64 என்று நின்றது. அவைத் தலைவரின் வாக்கில் பட்ஜெட் தோற்றது. ஒரு வாரத்தில் பேரம் பேசி மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். இப்படி நடப்பது அபூர்வம். சாதாரண ஆண்டுகளில் மசோதா வருவதற்கு முந்தைய மாதங்களில்தான் எதையாவது மாற்ற முடியும். 2017-இல் பட்ஜெட் நடைமுறையை ஆராய்ந்த குழு, ஆண்டு முழுவதும் கண்காணிக்க வேண்டும் என்று சொன்னதும் இதனால்தான். உங்கள் குழு கோடை முடிந்ததும் அமைச்சருக்குக் கடிதம் எழுதட்டும். குளிர்காலத்தில் எழுதினால் பதில் வரும், பணம் நகராது.

4. முதல் மதிப்பீட்டை யார் எழுதினார், எதை விட்டுவிட்டு எழுதினார் என்று பாருங்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் கட்டடமே இதற்குச் சாட்சி. 1997-இன் வெள்ளை அறிக்கை ஒரு கோடி முதல் நான்கு கோடி பவுண்டு வரை ஆகும் என்றது. 2004-இல் திறந்தபோது, மூன்றாண்டு தாமதத்தோடு, 41 கோடியைத் தாண்டியிருந்தது. ஃப்ரேசர் பிரபு விசாரித்தார். கட்டுமான மேலாண்மை என்ற ஒப்பந்த முறையைத் தேர்ந்ததை அவர் முக்கியமான தவறாகச் சொன்னார். அந்த முறையில் விலை ஏறினால் சுமை கட்டச் சொன்னவர் தலையில். அந்த ஆபத்தை அதிகாரிகள் அமைச்சர்களுக்கு எடுத்துச் சொல்லாமலே முடிவு நடந்திருந்தது.

இன்றும் ஒவ்வொரு மசோதாவோடும் ஒரு நிதிக் குறிப்பாணை வரும். பலர் கொள்கைப் பக்கங்களைப் படித்துவிட்டு அதைத் தள்ளிவைத்துவிடுவார்கள். நீங்கள் அதை முதலில் படியுங்கள். தேசியப் பராமரிப்புச் சேவை மசோதாவின் குறிப்பாணை ஐந்தாண்டுக்கு 64 கோடி முதல் 126 கோடி பவுண்டு வரை ஆகும் என்றது. ஒரு எல்லைக்கும் மறு எல்லைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். நிதிக் குழு 2022 டிசம்பரில் அதைக் கடுமையாகக் குறை சொன்னது, புதிய கணக்குக் கேட்டது. 2025 ஜனவரியில் அந்தத் தேசியச் சேவைத் திட்டத்தையே அரசு கைவிட்டது. இடைவெளி இவ்வளவு பெரியதாக இருந்தால், என்ன செய்யப்போகிறோம் என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

5. முடிவுக்குத் தாள் எங்கே என்று கேளுங்கள்.

நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கிளைட் ஆற்றங்கரையில் போர்ட் கிளாஸ்கோவில் ஃபெர்குசன் கப்பல் கட்டும் தளம். தீவுகளுக்கான இரண்டு பயணிகள் கப்பல்களுக்கு 2015 அக்டோபரில் ஒப்பந்தம், விலை 9.7 கோடி பவுண்டு. கப்பல் வராவிட்டால் பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் இல்லை. கப்பல்களை வாங்கும் அரசு நிறுவனமே அதைப் பற்றிக் கவலை தெரிவித்திருந்தது. இருந்தும் அமைச்சர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

2017 நவம்பரில் முதல் கப்பல் க்ளென் சானக்ஸ் ஆற்றில் இறக்கப்பட்டது. அதன் முகப்பில் ஜன்னல்கள் இல்லை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பெயிண்ட் பூசியிருந்தார்கள். தளம் 2019-இல் திவால் நிலைக்குப் போக, அரசு அதைக் கையில் எடுத்தது. கப்பல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். இரண்டு கப்பல்களுக்குமான மொத்தச் செலவு முதல் விலையின் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது.

இவ்வளவும் செய்தித்தாளில் வந்தவைதான். தணிக்கையாளர் செய்தது வேறு. உத்தரவாதம் இல்லாத அந்த ஆபத்தை அமைச்சர்கள் ஏன் ஏற்றார்கள் என்பதை விளக்கப் போதிய ஆவணம் இல்லை என்று 2022 மார்ச் அறிக்கையில் எழுதினார். அந்த ஒரு வரிதான் அரசை உலுக்கியது. தேடு தேடு என்று தேடி, மே மாதம் ஒரு மின்னஞ்சலைக் கொண்டுவந்தார்கள். யார் சம்மதித்தார் என்பது அதில் இருந்தது. ஏன் சம்மதித்தார் என்பது இல்லை. ‘எவ்வளவு வீண்’ என்று கேட்டவர்களுக்கு ஒரு தொகை கிடைத்தது. ‘தாள் எங்கே’ என்று கேட்டவருக்குத்தான் அரசு எப்படி முடிவெடுக்கிறது என்பது தெரிந்தது.

6. அமைச்சரை மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

2000-ஆம் ஆண்டின் பொது நிதிச் சட்டப்படி ஒவ்வொரு பொது அமைப்பிலும் பணத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் உண்டு. நாடாளுமன்றத்துக்கு அவர் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு செலவு போட்ட பணத்துக்குப் பயன் தராது என்று அவர் கருதினால், அமைச்சரிடம் எழுத்தில் ஆணை கேட்கலாம். அந்த ஆணையின் நகல் தலைமைத் தணிக்கையாளருக்குப் போயாக வேண்டும். 2023 மே மாதம் இரண்டாவது கப்பலான க்ளென் ரோசாவைக் கட்டி முடிக்க அமைச்சர் அப்படி எழுத்தில் ஆணை கொடுத்தார். கணக்குப்படி வேறிடத்தில் புதிதாக வாங்குவது மலிவு; ஆனால் தாமதமாகும், தீவு மக்கள் காத்திருக்க முடியாது என்று காரணம் சொன்னார். அது சரியா தவறா என்று நீங்கள் வாதாடலாம். வாதாட முடிகிறது என்பதுதான் இங்கே முக்கியம்: பெயரும் தேதியும் காரணமும் எழுத்தில் இருக்கின்றன.

7. அட்டவணையின் ஒரு கட்டத்தைக்கூடக் கடந்து போகாதீர்கள்.

எடின்பரோவின் புதிய குழந்தைகள் மருத்துவமனை 2019 பிப்ரவரியில் சுகாதார வாரியத்தின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து மாதம் சுமார் 14 லட்சம் பவுண்டு கட்டணம். ஜூலையில் நோயாளிகள் மாறுவதற்குச் சில நாள் முன்பு சுகாதார அமைச்சர் நிறுத்திவைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் காற்று மணிக்குப் பத்து முறை மாற வேண்டும்; அங்கே நான்கு முறைதான் மாறியது. பிழை எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால், 2012-இல் தயாரித்த அறைவாரியான விரிதாள் ஒன்றில் வந்து நிற்கிறது. எத்தனையோ பேர் கையெழுத்திட்ட பிறகும் அந்த எண் அப்படியே இருந்தது. மருத்துவமனை முழுதாகத் திறந்தது 2021 மார்ச்சில். காலியாக இருந்த மாதங்களுக்கும் பணம் போனது. சாட்சி சொல்ல வருகிறவர் ‘எல்லாக் கட்டத்திலும் சரிபார்த்தோம்’ என்றால், எந்தத் தாளை, எந்த அளவுகோலோடு வைத்துச் சரிபார்த்தார் என்று கேளுங்கள்.

8. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தண்ணீர்த் துறையை ஒழுங்குபடுத்தும் சிறிய ஆணையம் ஒன்றின் கணக்கைப் பற்றி 2023 டிசம்பரில் தணிக்கையாளர் தனி அறிக்கை தந்தார். ஒரு அதிகாரியின் ஹார்வர்ட் படிப்புக்கு 77,350 பவுண்டு, அரசிடம் முன் அனுமதி வாங்காமல். பட்டியல் இல்லாத உணவக ரசீதுகள். ஊழியர்களுக்குப் பொதுப்பணத்தில் பரிசுக் கூப்பன்கள். அரசின் மொத்தச் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் வாரியம் என்ன செய்துகொண்டிருந்தது, மேற்பார்க்க வேண்டிய அரசுத் துறை என்ன செய்துகொண்டிருந்தது என்ற பெரிய கேள்விகளுக்கு அந்த ரசீதுகள்தான் வழி திறந்தன.

9. சேவை கிடைக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

க்ளென் சானக்ஸ் வந்துவிட்டது என்று தாளில் குறி போட்டுவிடலாம். அர்ரான் தீவுக்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். பழைய ஆர்ட்ரோசன் துறைமுகத்தில் அந்தக் கப்பல் நிற்க வசதியில்லை, ட்ரூனிலிருந்து கிளம்புகிறது. கப்பலுக்கு ஒரு முடிவு, துறைமுகத்துக்கு ஒரு முடிவு என்று இரண்டும் தனித்தனியாக நடந்ததன் விளைவு அது. அறிக்கை மட்டும் படிப்பவருக்கு இது அடிக்குறிப்பு. டாக்டரைப் பார்க்கத் தீவிலிருந்து பெருநிலத்துக்கு வருகிறவருக்கு அன்றைய நாளே இதுதான்.

10. சுருக்கமாகக் கேளுங்கள்.

நீளமாகக் கேட்டால் பதில் சொல்பவர் தனக்கு வசதியான பாதியை எடுத்துக்கொள்வார். ஒரு மூச்சில் ஒரு கேள்வி போதும். ‘இது உங்களுக்கு எப்போது தெரியும்?’ ‘யாரிடம் சொன்னீர்கள்?’ ‘எழுத்திலா?’ குரலை உயர்த்தாமல் இந்த மூன்றையும் கேட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் உறுப்பினருக்குப் பேச்சு எழுதிக் கொடுக்காதீர்கள். தாளின் பக்க எண்ணை எழுதிக் கொடுங்கள். குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘எல்லா ஆவணங்களும்’ என்று கேட்காமல், தேதியும் கூட்டமும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

11. கட்சியைத் தாண்டி ஒரு வரியாவது ஒப்புக்கொள்ள வையுங்கள்.

ஆளுங்கட்சி உறுப்பினர்களும் கையெழுத்திட்ட அறிக்கையை அமைச்சர் எளிதில் உதறிவிட முடியாது. அதற்காக ஒரு கடுஞ்சொல்லைக் கைவிட வேண்டி வந்தால் கைவிடுங்கள். ஓர் உண்மையைக் கைவிடாதீர்கள். தணிக்கையாளரும் கொள்கை நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்வதில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் அவர் சொல்லுக்கு எல்லாப் பக்கத்திலும் மதிப்பு வாங்கித் தருகிறது.

12. திரும்பி வாருங்கள்.

பெர்த்திலிருந்து இன்வர்னஸ் வரை ஏ9 நெடுஞ்சாலையை 2025-க்குள் இருவழி நான்கு தடமாக்குவோம் என்று 2011-இல் வாக்குக் கொடுத்தார்கள். முடியாது என்று சொன்னது 2023 பிப்ரவரியில். புதிய தேதி 2035. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பட்ஜெட்கள் அவையில் நிறைவேறின! ஒவ்வோர் ஆண்டும் ‘இந்த ஆண்டு எத்தனை மைல், அடுத்த ஆண்டு எவ்வளவு பணம்’ என்று யாராவது விடாமல் கேட்டிருந்தால் தேதி தவறுவது முன்பே வெளியில் வந்திருக்கும். பிறகு மனுக் குழுதான் அதை விரிவாகக் கையில் எடுத்தது, அதுவும் ஒரு குடிமகளின் மனுவால்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அரசு ‘ஏற்றுக்கொள்கிறோம்’ என்று சொன்ன ஒவ்வொரு பரிந்துரையையும், முடிக்கிறோம் என்று சொன்ன தேதியையும், சொன்னவர் பதவியையும் அதில் எழுதுங்கள். தேதி வந்த வாரம் ஒரு கடிதம் போடுங்கள். அமைச்சர் மாறியிருப்பார், அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார், உங்கள் உறுப்பினரே தோற்றிருக்கலாம். பதவியில் இப்போது இருப்பவர் பதில் சொல்லட்டும். நீங்கள் வேலையை விட்டுப் போகும்போது, அடுத்து வருகிறவர் கையில் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.