உறக்கமும் ஒரு சுகாதாரக் காரியமே



ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினால், அசந்து தூங்குகிறார் என்றே நம் வீடுகளில் சொல்கிறோம். பல வேளைகளில் அது நோயின் அறிகுறி. அந்த நோயையும், அரசின் சுகாதாரத் திட்டங்களில் அதற்கு ஏன் இடம் வேண்டும் என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

1. நோய் எது?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மூச்சுவழி அடைபட்டு, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை உடலை உசுப்பிவிட, மூச்சு திரும்புகிறது. இப்படி மணிக்கு 15 முறைக்கு மேல் நேர்ந்தால் நடுத்தரம், 30 முறைக்கு மேல் என்றால் கடுமை. 'ஸ்லீப் ஆப்னியா' என்பது இதன் பெயர்.

நோயாளிக்கு இரவில் நடப்பது தெரியாது. காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவையே அவருக்குத் தெரிபவை. கவனிக்காமல் விட்டால் இருதய நோயும் பக்கவாதமும் வரும் அபாயம் கூடும்.

சிகிச்சை உண்டு. உடல் எடையைக் குறைப்பதும், மதுவை விடுவதும், ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். 1981-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் குழுவினர், மூக்கில் பொருத்தும் முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் 'சி-பேப்' முறையை வெளியிட்டனர். இன்றும் முதன்மையான சிகிச்சை அதுவே.

2. உக்கடத்தில் ஏன் இந்தப் பேச்சு?

உக்கடத்தைத் தாண்டி ஆத்துப்பாலத்தில் பாலக்காட்டுச் சாலையும் பொள்ளாச்சிச் சாலையும் பிரிகின்றன. நெரிசலைக் குறைக்க 2024 ஆகஸ்டில் மேம்பாலம் திறக்கப்பட்டது. சாலை சீரானது நல்லதே. அதில் இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவரின் கண்களை யார் கவனிப்பது? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நொடி கண் அயர்ந்தால், போகிற உயிர் அவருடையது மட்டுமல்ல.

மீன் மார்க்கெட்டில் விடியுமுன் சுமை இறக்குகிறவர்களும், பஞ்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களும் இதே ஊரார்தான். ஷிப்ட் வேலையால் உறக்கம் கெடுவதும் தனியான ஓர் உறக்கக் கோளாறே.

3. உலகம் செய்தது என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறக்கக் கோளாறுகளுக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் இந்நோயை ஓட்டுநர் உரிம விதிகளில் சேர்த்தது. சிகிச்சை பெற்று நோய் கட்டுக்குள் இருந்தால் ஓட்டலாம். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2019-ல் உறக்க நலனைத் தேசிய முன்னுரிமையாக்கப் பரிந்துரைத்தது.

நம் நாட்டிலும் உறக்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2012-ல், ராம்லீலா மைதான வழக்கில் கூறியது. ஆனால் 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி மருத்துவர் தரும் சான்றிதழ் கண்பார்வை, செவித்திறன், உடல் ஊனம் ஆகியவற்றையே விசாரிக்கிறது. உறக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை.

4. நாம் கேட்க வேண்டியவை

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே வாசலில் இன்னும் இரண்டு கேள்விகள் போதும்: "உரக்கக் குறட்டை விடுகிறாரா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா?" இதற்குப் புதுக் கருவி வேண்டாம். பதில் சொல்ல மனைவியோ தாயோ வீட்டில் இருப்பார்.

ஆம் என்ற பதில் வந்தால் அடுத்த படி வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் உறக்கப் பரிசோதனை வேண்டும். ஏழைக்கு எட்டும் விலையில் இயந்திரம் வேண்டும். உரிமப் பரிசோதனையிலும் இக்கேள்விகள் சேர வேண்டும். நோயைச் சொன்னதற்காக ஓட்டுநரின் பிழைப்பைப் பறிக்கலாகாது. பறித்தால் எவரும் வாய் திறக்கமாட்டார். சிகிச்சை தந்து மீண்டும் வேலையில் அமர்த்துவதே முறை.

சிந்திக்கவும் பேசவும்

• உங்கள் சபையில் இரவு வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பகலில் உறங்க வீட்டில் அமைதியான இடம் உண்டா?
• உங்கள் வீட்டில் மூச்சுத் திணறிக் குறட்டை விடுகிறவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றீர்களா?
• இக்கோரிக்கையை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத எத்தனை பேர் முன்வருவீர்கள்?