உள்ளரங்க ஆட்டமும் ஒளிப்படக் கலையும்

நெய்வேலி என்றவுடன் நிலக்கரியே நம் நினைவிற்கு வரும். 1956-ஆம் ஆண்டில் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1962-ஆம் ஆண்டு முதல் அக்கரி மின்னாற்றலாக மாறி நாட்டிற்கு விளக்கேற்றி வருகின்றது. சுரங்கத்தை ஒட்டி எழுந்த அந்நகரியம் வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டது. அங்கு வளரும் சிறார் பலர் கூரையின்கீழ் இறகுப்பந்தும் மேசைப்பந்தும் பயில்கின்றனர். பிறருக்கு ஒளி வழங்கும் அவ்வூரிலும், உள்ளரங்க ஆட்டத்தைப் படம்பிடிக்கப் புகுவோர் முதற்கண் உணர்வது ஒளியின் குறைவேயாம்.

அஃது எங்ஙனம் எனின், கூறுவாம். நம் கண் குறைந்த ஒளிக்கு எளிதில் இணங்குவது. ஆதலின் அரங்கம் நமக்கு வெளிச்சமாகவே தோன்றும். காமிராவோ உள்ளதை உள்ளவாறே அளக்கும். நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். பள்ளி அரங்கொன்றில் 300 லக்ஸ் உண்டெனக் கொள்வோமாயின், அது வெயிலில் முந்நூற்றில் ஒரு பங்கினும் குறைவேயாகும். அவ்வொளியில், பாய்ந்தோடும் சிறுவனைத் தொலைவில் நின்று தெளிவாகப் படமாக்குவது எவ்வாறு?

வள்ளுவனார் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை வினைமேற் செல்லும் வேந்தனுக்கு உரைத்தவை. எனினும், அம்முறையே இக்கலைக்கும் பொருந்துவதை ஈண்டுக் காண்போம்.

முதலாவது வலி, அதாவது கருவியின் ஆற்றல். தொலைவில் உள்ளதை அண்மையிற் காட்டும் லென்ஸை டெலிபோட்டோ லென்ஸ் என்பர். அதன் குவியத்தூரத்தை ஒளி புகும் வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 200 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றில் எஃப் 2.8 எனில் வாய் ஏறக்குறைய 71 மில்லிமீட்டர், எஃப் 5.6 எனில் 36 மில்லிமீட்டரே. விட்டம் பாதியானால் பரப்பு காற்பங்காகும். புகும் ஒளியும் காற்பங்காகும். நாம் கூறிய அரங்கில் ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரமே ஷட்டரைத் திறப்பதாயின், எஃப் 2.8-க்கு ஐ.எஸ்.ஓ. 3,200 அளவில் வேண்டும், எஃப் 5.6-க்கோ 12,800 வேண்டும். ஐ.எஸ்.ஓ. உயர உயரப் படத்திற் புள்ளிகள் படரும். ஆயினும் புள்ளி படர்ந்த படத்தில் முகம் தெரியும். அசைவினாற் குழம்பிய படத்தில் முகமே இராது. ஆகலின் புள்ளிக்கு அஞ்சி ஷட்டரை மெதுவாக்குதல் தகாது. கை நடுக்கத்தை அடக்கும் பொறி லென்ஸில் இருப்பினும், அஃது ஆடுவோன் அசைவை நிறுத்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

பெரிய வாயுடைய டெலிபோட்டோ லென்ஸ் விலை மிக்கது, எடையும் மிக்கது. மாணவர்க்கு ஏற்றது 85 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ். எஃப் 2.8-ஐ நோக்க இஃது இரு மடங்கிற்கும் மேற்பட்ட ஒளியைத் தரும். ஆட்டக்களத்திற்கு அண்மையில் நிற்க வேண்டும் என்பதே இதன் குறை.

இரண்டாவது காலம். மேலெழும்பும் ஆட்டக்காரன் உச்சியில் ஒரு கணம் நிற்பவன்போல் தோன்றுவான். இது வெறுந்தோற்றம் அன்று. குதிக்கும் உயரத்தின் மேற்காற்பகுதியிலேயே அவன் வானில் இருக்கும் நேரத்தின் பாதி கழிகின்றது என்பது இயற்பியல் கணக்கு. ஆதலின் அவ்வுச்சியை முன்னரே எதிர்நோக்கி இருத்தல் வேண்டும். இறகுப்பந்தோ அவ்வாறு நில்லாது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் பந்து, ஷட்டர் திறந்திருக்கும் அச்சிறு பொழுதிலேயே 11 சென்டிமீட்டர் கடந்துவிடும். எனவே பந்தைத் துரத்தாது ஆடுவோன் முகத்தை நோக்குக. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. அதனால் விளக்குகள் சில நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் இருத்தற்குக் காரணம் இதுவே. இத்துடிப்பை அறிந்து ஷட்டரை இயக்கும் வசதி இக்காலக் காமிராக்கள் பலவற்றில் உண்டு.

மூன்றாவது இடம். இறகுப்பந்துக் களத்தின் நீளம் 13.4 மீட்டர். ஒரு முனைக் கோட்டிற்குப் பின்னே, சற்று ஓரமாக நின்றால், எதிர்ப்புறத்தார் முகம் வலைக்கு மேலே நன்கு தோன்றும். அவர்க்குப் பின்னே திறந்த கதவோ சன்னலோ இருப்பின் முகம் கருகிவிடும். சுவரே பின்புலமாக அமையுமாறு நிற்க. ஃபிளாஷ் விளக்கை மட்டும் தொடற்க. அண்ணாந்து பந்தை நோக்கும் பிள்ளையின் கண்ணை அது கூசச் செய்யும்.

நிற்க. 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் நிகழ்ந்தன. தமிழ்நாடு இரண்டாம் இடம் பெற்றது. அத்தகைய போட்டிகளுக்குச் செய்தித்தாளின் படக்கலைஞர் செல்வர். நெய்வேலி போன்ற ஊர்களில் நடக்கும் பள்ளிப் போட்டிக்கு அவர் வருதல் அரிது. ஆண்டுக்கணக்கில் அதிகாலையில் எழுந்து பயின்ற சிறுமி, முதற்சுற்றிலேயே தோற்று வீடு திரும்பலாம். அவள் அன்று ஆடினாள் என்பதற்கு, காமிரா ஏந்திய மாணவன் ஒருவன் எடுத்த படமே தனிச்சான்றாக நிற்றலும் கூடும்.

ஆதலின் அவன் பொறுப்பும் பெரிது. பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் இசைவு பெற்ற பின்னரே சிறாரைப் படமெடுத்தல் வேண்டும். இடறி விழுந்த நிலையும், ஆடை கலைந்த நிலையும், அழுத முகமும் பிள்ளையை நாணச் செய்யுமாயின், அப்படம் எத்துணைத் தெளிவாயினும் நீக்கத்தக்கதே. வலியும் காலமும் இடனும் கூறப் புகுமுன், வள்ளுவனார் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தை வைத்தார். இப்படம் யாருக்காக, யார் இசைவோடு எடுக்கப்படுகின்றது என்று முதலில் தெரிந்து, அதன் பின்னரே நாம் காமிராவைக் கையில் எடுப்போமாக.