வீட்டுக்கு ஒரு கணனி: வாங்குமுன் நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

"பிள்ளைகளின் படிப்புக்கு வீட்டில் ஒரு கணனி வேண்டும்." ஊவா மாகாணத் தோட்டங்களிலும், மண்சரிவுக்குப் பின் இடம்பெயர்ந்து வேறிடங்களில் வாழும் குடும்பங்களிடையேயும் இந்தப் பேச்சு இன்று அடிக்கடி எழுகின்றது. இந்த ஆசை நியாயமானதே. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்பித்தல் தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறியது. கருவி இருந்த பிள்ளை ஓரளவு படித்தது; இல்லாத பிள்ளை பின்தங்கியது. அந்த இழப்பைக் கண்ட பெற்றோர், இனியும் அப்படி நேரக்கூடாது என்று எண்ணுவது இயல்பு.

ஆனால் நல்ல ஆசை என்பதற்காக எந்தப் பொருளையும் வாங்கிவிட முடியாது. இழப்பீடாகக் கிடைத்த பணம், சீட்டுப் பணம், அடகு வைத்த நகையின் பணம் ஆகியவை நமக்கு இரண்டாம் முறை கிடைப்பதில்லை. எனவே, இப்போது விளம்பரங்களில் காணப்படும் ஒரு வகைக் கணனியை எடுத்துக்கொண்டு, அது நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று படிப்படியாக ஆராய்வோம். இதே முறையை வேறு எந்தப் பொருளுக்கும் நாம் பயன்படுத்தலாம்.

இது என்ன கணனி?

வழக்கமான மேசைக் கணனியில் பெட்டி ஒன்று, திரை ஒன்று, விசைப்பலகை ஒன்று என்று உறுப்புகள் தனித்தனியாக இருக்கும். 'ஓல் இன் வன்' எனப்படும் கணனியிலோ பெட்டிக்குள் இருக்க வேண்டிய எல்லாம் திரையின் முதுகிலேயே அடங்கிவிடும். அதனுள் பற்றரியும் வைத்து, விரலால் தொட்டு இயக்கும் திரையும் பொருத்தி, அறைக்கு அறை தூக்கிச் செல்லும்படி செய்ததே நாம் ஆராயும் வகை.

இது புத்தம் புதிய எண்ணம் அல்ல. 2012 இல் சோனி நிறுவனம் 'வயோ டாப் 20' என்ற 20 அங்குலக் கணனியை வெளியிட்டது. அதன் எடை 5 கிலோவுக்குச் சற்று மேல். 2013 இல் டெல் நிறுவனத்தின் 'எக்ஸ்பிஎஸ் 18' வந்தது. அது 2 கிலோவுக்குச் சற்று மேல். அதே ஆண்டில் லெனோவோ வெளியிட்ட 27 அங்குல 'ஹொரைசன்' சுமார் 8 கிலோ. இவை பெருமளவில் நிலைக்கவில்லை. சோனி 2014 இல் கணனித் தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. பின்னர் 2023 இல் எச்.பி. நிறுவனம் 'என்வி மூவ்' என்ற 23.8 அங்குலக் கணனியைக் கொண்டுவந்தது. பின்புறம் கைபிடி உண்டு. எடை சுமார் 4.1 கிலோ. பற்றரி அதிகபட்சம் 4 மணித்தியாலம் நிற்கும் என்று நிறுவனம் கூறியது. அமெரிக்காவில் அறிமுக விலை 900 டொலர்.

முதலாம் கேள்வி: எந்த வேலைக்கு?

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கணனியால் செய்யப்போகும் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் பட்டியல் இப்படி அமையும்: கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் பாடம் பார்த்தல், கடந்த கால வினாத்தாள்களைப் படித்தல், ஆசிரியரின் இணையவழி வகுப்பு, விண்ணப்பக் கடிதம் எழுதுதல், மரக்கறி விலை அறிதல்.

இவற்றுள் விலை அறிவதற்குக் கணனியே தேவையில்லை. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தின் விலையைத் தொலைபேசியில் கேட்டறியலாம். பயிர் நோய் பற்றிய ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கம் உண்டு. பாடம் பார்க்கப் பெரிய திரை நல்லதுதான். கைத்தொலைபேசியின் சிறிய எழுத்தில் மணிக்கணக்காகப் படிப்பதைவிட அது கண்ணுக்கு இதம். ஆனால் கடிதம் எழுதவும், சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பப் பாடம் எடுக்கும் பிள்ளை பயிலவும் வேண்டியது விசைப்பலகை. நிமிர்ந்து நிற்கும் திரையைக் கை நீட்டித் தொட்டுக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் தோள் வலிக்கும். ஆகவே தொடுதிரை என்பது படிப்புக்கு இன்றியமையாததன்று. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எங்கே வைப்போம்?

லயத்துக் காம்பரா ஒன்று ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்ளே கட்டில், அலுமாரி, சாமான்கள், சில வேளை அடுப்பும் கூட. இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் இருப்போருக்கு அதில் பாதியும் இல்லை. 24 அங்குலத் திரையின் முன் ஒரு கை தூரம் தள்ளி உட்கார வேண்டும். அதற்கு அசையாத மேசை ஒன்று தேவை. இரவில் ஒரு பிள்ளை படிக்கும்போது மற்றவர் முகத்தில் அந்த வெளிச்சம் விழும். காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்க்கு உறக்கம் கெடும்.

மூடி வைக்கக்கூடிய மடிக்கணனிக்கு இந்தத் தொல்லை குறைவு. திரை உள்ளே மறைந்துவிடும். அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். ஓல் இன் வன் கணனியின் கண்ணாடியோ எப்போதும் திறந்தே இருக்கும். சிறு பிள்ளைகள் ஓடியாடும் ஒற்றை அறையில் அது பெரிய ஆபத்து. அடுப்புப் புகையும், மலையின் பனி ஈரமும் எந்தக் கணனிக்கும் பகை என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாம் கேள்வி: மின்சாரமும் சிக்னலும் உண்டா?

பற்றரி உள்ள கணனிக்கு இங்கே ஒரு சிறப்பு உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் அனுபவித்தோம். அத்தகைய வேளையில் சாதாரண மேசைக் கணனி உடனே நின்றுவிடும், எழுதியது அழிந்துபோகும். பற்றரி உள்ளது சில மணித்தியாலம் தாங்கும். ஆனால் மடிக்கணனியும் இதைச் செய்யும். மேலும், எந்தப் பற்றரியும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்து, முன்போல் நிற்காது.

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் பிற்பகல் இடிமின்னல் அதிகம். மின்னல் தரும் அதிர்ச்சி கம்பி வழியாகக் கணனிக்குள் வரும். இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பல காம்பராக்களுக்கு ஒரே இணைப்பிலிருந்து கம்பி இழுத்திருந்தால், கணனி வாங்குமுன் மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு 'எர்த்' சரியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு முதற்செலவு.

சிக்னல் விஷயம் வேறு. 2021 இல் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காக மலையுச்சிக் காட்டில், மரத்தின் மேல் சுமார் 30 அடி உயரத்தில் அமைந்த குடிலுக்கு ஏறிச் சென்ற செய்தி உலகெங்கும் வெளிவந்தது. விலை உயர்ந்த கணனி வாங்கினால் சிக்னல் தானாக வந்துவிடாது. ஆகவே வீட்டில் எந்த மூலையில், எந்த நேரத்தில், எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று கைத்தொலைபேசியைக் கொண்டு ஒரு வாரம் சோதித்துக் குறித்து வையுங்கள். சிக்னல் இல்லாத இடமெனில், வினாத்தாள்களையும் பாடங்களையும் வேறிடத்தில் பதிவிறக்கம் செய்து கொண்டுவரும் வழியை முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் கேள்வி: இரவில் எழுந்து போக நேர்ந்தால்?

இந்தக் கேள்வியை விளம்பரம் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மலை சரிந்தது, உயிர்கள் போயின, குடும்பங்கள் வீடிழந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும்.

நாலு கிலோ பெரிய பாரமல்ல. கொழுந்துக் கூடை சுமந்தவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மழையில், இருளில், இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு முதியவருமாக இறங்கும் தாய்க்கு, அகன்ற கண்ணாடிப் பலகையைத் தூக்க மூன்றாவது கை இல்லை. 'தூக்கிச் செல்லலாம்' என்று நிறுவனம் சொல்வது குசினியிலிருந்து வரவேற்பறைக்கு. நாம் சொல்வது மலையிலிருந்து முகாமுக்கு. இரண்டும் ஒன்றல்ல.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. அரைவாசி கடன் தீராத விலையுயர்ந்த பொருள் வீட்டில் இருந்தால், வெளியேறச் சொல்லும்போது மனம் தயங்கும். "அதை எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று ஒருவர் திரும்பிப் போவார். எந்தக் கணனியும் ஓர் உயிருக்கு ஈடாகாது. கணனி இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் படங்களை ஒரு பென் டிரைவில் பதிந்து, மூலப் பத்திரங்களோடு மழை நனையாத பையில் வைத்திருங்கள். ஓடும்போது எடுக்க வேண்டியது அந்தப் பையே.

ஐந்தாம் கேள்வி: விலை என்ன? பழுதானால் என்ன?

ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், 900 டொலர் என்பது 2,70,000 ரூபா. வரியும் கடைக்காரரின் இலாபமும் இதில் சேரவில்லை. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இது 200 நாள் உழைப்பு. மாதம் 25 நாள் வேலை என்றால், உண்ணாமல் உடுக்காமல் எட்டு மாதம். இதை நுண்கடனில் வாங்கினால் வட்டியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பழுது பார்ப்பதும் இலகுவல்ல. பெட்டியும் திரையும் தனித்தனியான மேசைக் கணனியில் ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஓல் இன் வன் கணனியில் திரை உடைந்தால், நல்ல நிலையில் உள்ள மற்றப் பகுதியும் பயனற்றுக் கிடக்கும். தொடுதிரைக் கண்ணாடியின் விலையும் அதிகம்.

பழைய கணனி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2012, 2013 ஆம் ஆண்டுக் கணனிகள் விண்டோஸ் 8 காலத்தவை. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இப்பழைய கணனிகளை விண்டோஸ் 11 ஏற்காது. இலவச லினக்ஸ் போட்டு ஓட்டலாம். ஆனால் அதைச் செய்து தருபவர் அருகில் இருக்க வேண்டும். பற்றரியும் பெரும்பாலும் தளர்ந்திருக்கும்.

நமது முடிவு

ஐந்து கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே அறையில் வாழும், நிரந்தர வீடு இன்னும் கிடைக்காத குடும்பம் முதன்முதல் வாங்கும் கணனியாக இது பொருந்தாது. அதே படிப்புத் தேவையைச் சாதாரண மடிக்கணனி ஒன்று குறைந்த விலையில் நிறைவேற்றும். இப்போதைக்கு அதற்கும் வழியில்லை எனில், இருக்கும் கைத்தொலைபேசியோடு ஒழுங்கான படிப்பு நேரமும் அமைதியான மூலையும் அமைத்துக் கொடுப்பதே பிள்ளைக்குச் செய்யும் பேருதவி.

ஆனால் இந்தக் கணனிக்கும் ஏற்ற இடம் ஒன்று உண்டு. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் மாலை வகுப்பு, முன்பள்ளி மண்டபம், மாதர் சங்கக் கட்டடம் போன்ற பொது இடங்களில் ஐந்தாறு பிள்ளைகள் ஒரே திரையைச் சுற்றி அமர்ந்து படிக்கலாம். மின்சாரம் போனாலும் வகுப்பு முடியும்வரை பற்றரி தாங்கக்கூடும். முடிந்ததும் ஒருவர் தூக்கிச் சென்று பூட்டி வைக்கலாம். செலவு பத்தாகப் பிரியும். அப்போது பொறுப்பாளர் யார், திறப்பு யாரிடம், பழுதுக்கு மாதம் எவ்வளவு சேமிப்பது என்பதை வாங்குமுன்பே எழுதி வைக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

1. பிளக்கைக் கழற்றி, பற்றரியில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.
2. திரையின் நான்கு மூலைகளையும் நடுவையும் விரலால் தொட்டுச் சோதியுங்கள்.
3. விசைப்பலகையில் தமிழில் உங்கள் பெயரையும் முகவரியையும் தட்டச்சு செய்து பாருங்கள்.
4. பழுது பார்ப்பது பதுளையிலா, பண்டாரவளையிலா, கொழும்பிலா என்று கேளுங்கள். புதிய திரையின் விலையையும் கேளுங்கள்.
5. உத்தரவாதத்தைக் கடை முத்திரையோடு எழுத்தில் பெறுங்கள்.
6. அன்றே பணம் கட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து, படிக்கும் பிள்ளையையும் சேர்த்து வைத்துப் பேசிய பின் முடிவு செய்யுங்கள்.

குழுவில் கலந்துரையாட

அ. நம் வீட்டில் கணனியால் செய்ய வேண்டிய வேலைகள் எவை? அவற்றுள் கைத்தொலைபேசியால் முடிந்தவை எவை?
ஆ. நம் குடியிருப்பில் பிள்ளைகள் கூடிப் படிக்கப் பாதுகாப்பான பொது இடம் உண்டா? இல்லையெனில் யாரிடம் கேட்பது?
இ. சிவப்பு எச்சரிக்கை வந்தால் நாம் எடுக்கும் முதற்பொருள் எது? விட்டுச் செல்லும் பொருள் எது?